'நிரந்தர' வரிக்குறைப்பை நம்பி வீட்டுக்கடன் வாங்கலாமா?

மத்திய நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 41. எச்-1பி விசாவில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறார். மனைவி மருத்துவமனைச் செவிலியர். மணிக்கணக்கில் சம்பளம், ஓவர்டைமும் உண்டு. நிறுவனம் வழியாகச் சேமிக்கும் ஓய்வுக்காலக் கணக்கான 401(கே)யின் பங்களிப்பு போக இருவரின் ஆண்டு வருமானம் சுமார் 2,90,000 டாலர். மூத்த மகள் இந்தியாவில் பிறந்தவள், வயது 13. அவளுக்கு, சோசியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடிஐஎன் எண் மட்டுமே இருக்கிறது. இளைய மகன் இங்கேயே பிறந்தவன், வயது 7. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் கோயம்புத்தூருக்கே திரும்பிவிடும் எண்ணமும் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு வரிக்குறைப்பு 2025 டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிடும், அதன்பின் வரி ஏறும் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு, அவர் 2025 மார்ச்சில் ஐஆர்ஏ என்னும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் இருந்த 60,000 டாலரை ராத் ஐஆர்ஏவுக்கு (வரியை இப்போதே கட்டிவிட்டு, ஓய்வுக்காலத்தில் வரியின்றி எடுக்கும் கணக்கு) மாற்றினார். அது பழைய நிறுவனத்தின் 401(கே)யிலிருந்து வந்த பணம். ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தக் குறைப்பை நிரந்தரமாக்கிவிட்டது. மாற்றியதைத் திரும்பப் பெற முடியுமா, தாம் ஓய்வுபெறும்வரை இதே விகிதங்கள்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா, மாநில வரிக்கழிவும் 40,000 டாலராக நிரந்தரமாகிவிட்டதால் துணிந்து வீடு வாங்கலாம் என்று தரகர் சொல்வது சரியா, பிள்ளைகள் இருவருக்கும் 2,200 டாலர் வரி வரவு (கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் குறையும் தொகை) கிடைக்குமா என்று கேட்கிறார். நாட்டின் கடன் இப்படி ஏறும்போது எந்தக் குறைப்பும் நிலைக்காது என்பது மனைவியின் கருத்து. சட்டமே நிரந்தரம் என்று சொன்னபின் யார் வந்தாலும் கைவைக்க முடியாது என்பது நண்பர்களின் கருத்து. இதில் யாரை நம்பித் திட்டமிடுவது என்பதே அவருடைய முதன்மையான குழப்பம்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவி சொல்வதிலும் நண்பர்கள் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விவாதத்தின் தீர்ப்பே தேவையில்லை என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. காங்கிரஸ் என்ன செய்யும் என்று ஊகித்து மார்ச்சில் ஒரு முடிவெடுத்தீர்கள். அதே ஊகத்தைத் தலைகீழாகத் திருப்பி இப்போது இன்னொரு முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள். அதனால் முதலில் 'நிரந்தரம்' என்ற சொல் சட்டத்தில் எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

குறைந்தது எது, ஏறாமல் நின்றது எது

"வரி மீண்டும் குறைந்திருக்கிறது, அதனால் 2026 முதல் சம்பளத்தில் பிடித்தம் குறையும்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. 2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தான சட்டம், 15, 25, 28, 33, 39.6 என்று இருந்த விகிதங்களை முறையே 12, 22, 24, 32, 37 சதவீதமாக்கியது. 10 சதவீதமும் 35 சதவீதமும் அப்படியே நின்றன. 2018 முதல் நீங்கள் செலுத்தி வருவது இந்த விகிதங்களைத்தான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இவற்றின் மீதிருந்த காலவரையறையை எடுத்துவிட்டது, அவ்வளவே. நீங்கள் இருக்கும் 24 சதவீத அடுக்கு, சட்டம் வராதிருந்தால் 28 ஆகியிருக்கும். வந்ததால் 24 ஆகவே இருக்கிறது. விலைவாசிக்கேற்ப அடுக்குகளின் எல்லை சற்று நகர்ந்திருப்பதையும், செலவு விவரம் காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு தம்பதியருக்கு 2025-இல் 31,500 டாலராகவும் 2026-இல் 32,200 டாலராகவும் உயர்ந்திருப்பதையும் தவிர, உங்கள் சம்பளச் சீட்டில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

நிரந்தரமானவை சலுகைகள் மட்டும் அல்ல என்பதையும் கவனியுங்கள். 2017 சட்டம் நிலையான கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது என்பது பலரும் அறிந்தது. தலைக்கு 4,050 டாலர் என்றிருந்த தனிநபர் விலக்கை அதே சட்டம் நிறுத்திவைத்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். நால்வர் குடும்பத்துக்கு 2017-இல் 12,700 டாலர் கழிவும் 16,200 டாலர் விலக்கும் சேர்த்து 28,900 டாலர் கிடைத்தது. 2018-இல் கிடைத்தது 24,000 டாலர் கழிவு மட்டுமே. விகிதம் குறைந்ததாலும் பிள்ளைகளுக்கான வரவு கூடியதாலும்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு மொத்தத்தில் வரி குறைந்தது. வேலைக்காக ஊர் மாறும் செலவுக்கான கழிவும், வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவருக்குத் தரும் கட்டணத்துக்கான கழிவும் அப்போது போனவை. அவை 2026-இல் திரும்ப வரும் என்று காத்திருந்தவர்கள் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாநிலம் விட்டு மாநிலம் போகும் நம்மவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

காலவரையறை வந்த கதையும் போன கதையும்

அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவைத் தடுத்து நிறுத்த 41 உறுப்பினர்கள் போதும். வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் வேண்டும். வரவுசெலவு தொடர்பான மசோதாக்களுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற தனிவழி உண்டு. ஆனால் மேற்கு வெர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் பெயரால் வழங்கும் விதியின்படி, அந்த வழியில் வரும் மசோதா, வரவுசெலவுத் திட்டத்தின் கால எல்லையைத் தாண்டிப் பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது. அந்த எல்லை வழக்கமாகப் பத்தாண்டு. எதிர்க்கட்சியின் வாக்கு இல்லாமல் வரியைக் குறைக்க விரும்பும் எந்தக் கட்சியும் "இது இன்ன தேதிவரைதான்" என்று எழுதிவைத்து இந்த விதியைக் கடக்க வேண்டியிருந்தது. 2001-இல் ஜார்ஜ் புஷ் கொண்டுவந்த குறைப்பு 2010 முடிவில் காலாவதியாகும்படி எழுதப்பட்டதும், 2017 சட்டத்தில் நிறுவனங்களுக்கான 21 சதவீத விகிதம் நிரந்தரமாகவும் தனிநபர் குறைப்புகள் 2025 வரைக்குமாகவும் பிரிந்ததும் இதனால்தான். குடும்பங்களுக்குத் தந்ததைப் பின்னால் வரும் காங்கிரஸ் பறிக்கத் துணியாது என்ற கணிப்பும் அந்தப் பிரிவினையில் இருந்தது. அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை.

2025-இல் செனட்டின் ஆளும் தரப்பு விதியை மாற்றவில்லை, அளவுகோலை மாற்றியது. சட்டப்படி 2026 முதல் வரி ஏற வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டால், குறைப்பைத் தொடர்வது பெருஞ்செலவு. இப்போது நடைமுறையில் இருப்பதே அடிப்படை என்று கொண்டால், தொடர்வதற்குச் செலவே இல்லை. இரண்டாவது அளவுகோலை எடுத்துக்கொண்டதால் பேர்ட் விதி குறுக்கே வரவில்லை, நிரந்தரமாக்குவது சாத்தியமானது. பணம் அதே பணம்தான். காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் வழக்கமான அளவுகோலில் கணக்கிட்டபோது, முழுச் சட்டமும் 2034 வரையான பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்றது. செனட்டில் 50-50 என்று வாக்குகள் பிரிந்து, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் மசோதா நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் 218-214. என் பார்வையில் அளவுகோல் மாற்றம் ஒரு கணக்கு வித்தைதான். ஆயினும் அதை முறையற்றது என்பவர்களும், காலவரையறை வைத்து எழுதுவதே அதைவிடப் பழைய வித்தை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆதரித்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எட்டு ஆண்டுகளாகப் பழகிவிட்ட விகிதங்களை ஒரே இரவில் ஏற்றினால் நடுத்தரக் குடும்பங்களும் சிறுதொழில் செய்வோரும் அடிபடுவார்கள். அடுத்த ஆண்டு வரி என்னவென்றே தெரியாத நிலையில் யாரும் கடை விரிவுபடுத்துவதோ ஆள் சேர்ப்பதோ இல்லை. எதிர்த்தவர்களின் வாதமும் வலுவானதே. 2024 நிதியாண்டில் கூட்டாட்சி அரசு கட்டிய வட்டியே பாதுகாப்புச் செலவை மிஞ்சிவிட்டது. அதே சட்டத்தின் மருத்துவ உதவி, உணவு உதவிக் குறைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், வருமானத்தில் அடிமட்டத்தில் உள்ள பத்தில் ஒரு பங்கினர் ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் இழப்பார்கள், மேல்மட்டப் பத்தில் ஒரு பங்கினர் சுமார் 13,600 டாலர் பெறுவார்கள் என்பது அதே வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. காலவரையறை இருந்தால் குறிப்பிட்ட ஆண்டில் இதையெல்லாம் எடுத்துப் பேசியே ஆக வேண்டும். நிரந்தரமாக்கினால் பேச வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

மாறியிருப்பது இந்தக் கட்டாயம்தான். தற்காலிகச் சட்டத்தில், காங்கிரஸ் ஒன்றும் செய்யாமல் இருந்தால் வரி ஏறும். நிரந்தரச் சட்டத்தில், காங்கிரஸ் ஒன்றும் செய்யாமல் இருந்தால் வரி அப்படியே இருக்கும். ஏற்ற விரும்புகிறவர்கள் இனி இரு அவைகளிலும் வாக்குத் திரட்டி, அதிபரின் கையெழுத்தையும் பெற வேண்டும். அது கடினம், நண்பர்கள் சொல்வதில் உள்ள உண்மை அது.

முடியாதது அல்ல என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1986-இல் ரீகன் காலத்தில் இரு கட்சியும் கூடி இயற்றிய சீர்திருத்தம் உச்ச விகிதத்தை 28 சதவீதமாக்கியது. அதில் காலவரையறை ஏதும் கிடையாது. அது 1988-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது, 1991-இல் 31 சதவீதமானது. 1993 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அதை 39.6 ஆக்கியது, அதுவும் அந்த ஆண்டின் ஜனவரி 1 முதலே செல்லும்படி. மறுபுறம், 2001-இல் தற்காலிகமாக வந்த 10 சதவீத அடுக்கு இன்றும் இருக்கிறது. 2010-இல் ஒபாமா அந்தக் குறைப்புகளை இரண்டு ஆண்டு நீட்டித்தார். 2013 புத்தாண்டு நாளில் காங்கிரஸ் அவற்றில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக்கி, தனியருக்கு 4,00,000, தம்பதியருக்கு 4,50,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு மட்டும் 39.6-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. நிரந்தரமாக எழுதிய 28 சதவீதம் மூன்றே ஆண்டு நின்றது. பத்தாண்டுக்கென்று எழுதிய 10 சதவீதம் இருபது ஆண்டைத் தாண்டிவிட்டது. உங்கள் மனைவியின் அச்சத்துக்கும் இந்த வரலாறே பதில்: ஏறும்போதெல்லாம் பெரும்பாலும் உச்சியிலிருந்துதான் தொட்டிருக்கிறார்கள். உங்கள் 24 சதவீத அடுக்கு கடைசியாகக் கைவைக்கப்படும் இடங்களில் ஒன்றாக இருக்கும் என்பது என் மதிப்பீடு. இது மதிப்பீடே தவிர உறுதிமொழி அல்ல.

ராத் மாற்றம்: போனது பணம் அல்ல, காரணம்

மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. ராத் மாற்றத்தை ரத்துசெய்யும் வசதி முன்பு இருந்தது. 2018 முதல் அதை நீக்கியது நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே 2017 சட்டம்தான்.

ஆனால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. 60,000 டாலருக்கு நீங்கள் 24 சதவீதம், அதாவது 14,400 டாலர் கூட்டாட்சி வரி கட்டுகிறீர்கள்; 2026-இல் மாற்றியிருந்தாலும் அதே 24 சதவீதம்தான். காத்திருந்து 28 சதவீதம் கட்ட நேரும் என்ற காரணம் மட்டுமே பொய்யானது. நியூ ஜெர்சியும் இதை வருமானமாகவே கொள்ளும், அந்த வகையில் சுமார் 3,800 டாலர். இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை முடிவுசெய்வது 2026-இன் விகிதம் அல்ல, நீங்கள் அறுபது வயதுக்குமேல் இந்தப் பணத்தை எடுக்கும் ஆண்டில் எந்த நாட்டில், எந்த அடுக்கில் இருப்பீர்கள் என்பதே.

நீங்கள் கவனிக்காத ஒரு செலவு இதில் ஒளிந்திருக்கிறது. புதிய சட்டம் 2025 முதல் 2028 வரை ஓவர்டைமுக்கு ஒரு கழிவு தருகிறது: ஒன்றரை மடங்கு ஊதியத்தில் அந்த மிகுதியான அரை மடங்கு மட்டும், தம்பதியருக்கு 25,000 டாலர்வரை. கூட்டு வருமானம் 3,00,000 டாலரைத் தாண்டினால் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் கழிவில் 100 டாலர் குறையும். உங்கள் மனைவியின் அரை மடங்குப் பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத் மாற்றம் இல்லாவிட்டால் உங்கள் வருமானம் 2,90,000. முழுக் கழிவும் கிடைத்திருக்கும். மாற்றத்தால் வருமானம் 3,50,000 ஆகி, கழிவில் 5,000 டாலர் கரைந்து 1,000 மட்டும் மிஞ்சுகிறது. வரியில் 1,200 டாலர் இழப்பு. மார்ச்சில் இதை உங்களால் அறிந்திருக்கவே முடியாது. ஜூலையில் வந்த சட்டம் ஜனவரிக்குப் பின்தேதியிட்டு வந்தது. இன்னும் மூன்று ஆண்டு இந்தக் கழிவு இருப்பதால், 2028 வரை வேறு ராத் மாற்றம் எதுவும் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

புதிதாகச் சேமிப்பதை ராத் 401(கே)யில் போடுவதா, வழக்கமான 401(கே)யில் போடுவதா என்ற கேள்வியில் என் சாய்வு வழக்கமானதன் பக்கம். இன்று நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 24 சதவீதமும் நியூ ஜெர்சியின் 6.37 சதவீதமும் மிச்சமாகின்றன. ஓய்வுக்காலத்தில் இருவருக்கும் சம்பளம் நின்றபின், முப்பது சதவீதத்தைத் தாண்டும் வரியில் நீங்கள் இருக்க வாய்ப்பு குறைவு. 24 சதவீத அடுக்கைக் காங்கிரஸ் பழைய 28-க்கே கொண்டுபோனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. இந்தியா திரும்பும் எண்ணமும் இதையே வலுப்படுத்துகிறது. அமெரிக்க ஓய்வூதியக் கணக்குகளின் வருவாய்க்குப் பணம் எடுக்கும்போது வரி கட்டினால் போதும் என்ற சலுகையை இந்தியா 2021-இல் தன் வருமான வரிச் சட்டத்தின் 89ஏ பிரிவின் மூலம் தந்தது. ஆனால் ராத் கணக்கிலிருந்து எடுப்பது அமெரிக்காவில் வரியற்றது என்பதற்காக இந்தியாவிலும் வரியற்றது என்று சொல்லும் தனி விதி கிடையாது. வரி கட்டி முடித்த பணத்துக்கு இன்னொரு நாட்டில் மீண்டும் கேள்வி வரும் இடத்தில் மேலும் மேலும் போடுவது விவேகமாகத் தெரியவில்லை. ஊர் திரும்புவது உறுதியானால், புறப்படுவதற்கு முந்தைய ஆண்டே இரு நாட்டுச் சட்டமும் அறிந்த பட்டயக் கணக்காளர் ஒருவரைப் பாருங்கள்.

மாற்றிய 60,000 டாலரை 2029 முடியும்வரை தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன், மாற்றிய ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் 10 சதவீத அபராதம் உண்டு.

40,000 டாலர் கழிவும் முப்பதாண்டுக் கடனும்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். சால்ட் என்று எல்லாரும் சொல்லும் மாநில வருமான வரி, சொத்து வரிக் கழிவின் உச்சவரம்பு நிரந்தரமாக 40,000 டாலர் ஆகிவிட்டது என்று தரகர் சொன்னது தவறு. 2025-இல் 40,000, 2026-இல் 40,400, பிறகு 2029 வரை ஆண்டுக்கு ஒரு சதவீத உயர்வு. 2030-இல் மீண்டும் 10,000. சட்டத்தில் நிரந்தரமாக இருப்பது அந்தப் பத்தாயிரம்தான். நியூ யார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள், தங்கள் வாக்கு இல்லாமல் மசோதா தேறாது என்ற நிலையைப் பயன்படுத்திப் பேரம்பேசிப் பெற்ற ஐந்தாண்டுச் சலுகை இது. விகிதம் நிரந்தரம், இந்த வரம்பு தற்காலிகம், ஓவர்டைம் கழிவு இன்னொரு தேதிவரை என்று ஒரே சட்டத்துக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. "நிரந்தரமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் எது என்று கேளுங்கள்.

நீங்கள் பார்த்திருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி 15,000 டாலர். உங்கள் மாநில வருமான வரி சுமார் 13,000. மொத்தம் 28,000. 2029 வரை இது முழுவதும் கழியும். 2030 முதல் 10,000 மட்டுமே கழியும். இடைவெளி 18,000 டாலர். 24 சதவீதத்தில் ஆண்டுக்கு 4,320, மாதத்துக்கு 360 டாலர் கூடுதல் வரி. கடனின் நான்காம் ஆண்டு முடிந்த கையோடு இது வந்து நிற்கும். காங்கிரஸ் இந்த வரம்பை நீட்டிக்கலாம். 2001, 2017 குறைப்புகளுக்கு நடந்ததைப் பார்க்கும்போது வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் 2017-இல் பத்தாயிரம் வரம்பு வந்தபின் அதை நீக்க இதே மாநிலங்களின் இரு கட்சி உறுப்பினர்களும் பல ஆண்டு முயன்றும் முடியாமல் போனதையும் மறக்க வேண்டாம். வரி அதிகமுள்ள மாநிலங்களுக்கு மட்டும் பயன்படும் சலுகைக்கு நாடு தழுவிய ஆதரவு கிடைப்பதில்லை.

ஆகவே வீடு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2030-இல் வரம்பு பத்தாயிரமாகிவிடும் என்றே வைத்து, அந்த 360 டாலரையும் மாதத் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் உங்களால் தாங்க முடியும் என்றால் வாங்குங்கள். நீட்டிப்பு வந்தால் அது உபரி. வீட்டுக்கடன் வட்டிக்கான கழிவு 7,50,000 டாலர் கடன்வரை என்ற வரம்பு மட்டும் உண்மையிலேயே நிரந்தரமாகியிருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் 6,00,000 டாலர் கடன் அதற்குள் அடங்குகிறது. எச்-1பியில் இருப்பவருக்கு, வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் சேர்ந்தே ஆடும் என்பது எந்த வரிக்கழிவையும்விடப் பெரிய கணக்கு. அதை நீங்களும் மனைவியும் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

மகளுக்கு 2,200 டாலர் ஏன் இல்லை

இளைய மகனுக்கு 2,200 டாலர் வரவு உண்டு. மகளுக்கு 500 டாலர்தான். பிள்ளைக்கு வேலைக்குச் செல்லும்படியான சோசியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2017 சட்டத்தில் தற்காலிகமாக வந்தது. இப்போது அதுவும் நிரந்தரமாகிவிட்டது. இங்கேயே வளர்ந்து இங்கேயே பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு, எண்ணின் பெயரால் இந்த வேறுபாடு காட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை; சட்டம் அதுதான்.

பழைய சட்டமே திரும்பியிருந்தால் மகளுக்கும் முழு வரவு கிடைத்திருக்கும் என்ற உங்கள் ஊகம் மட்டும் சரியல்ல. பழைய சட்டத்தில் ஐடிஐஎன் உள்ள பிள்ளைக்கும் வரவு உண்டு என்பது மெய்தான். ஆனால் தொகை 1,000 டாலர், அதுவும் தம்பதியரின் வருமானம் 1,10,000 டாலரைத் தாண்டியதும் கரையத் தொடங்கிவிடும். உங்கள் வருமானத்தில் இரு பிள்ளைகளில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. இப்போதைய எல்லை 4,00,000 டாலர். கிரீன் கார்டு கிடைத்து, ஒரு வரி ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் மகளுக்கு எண் வந்துவிட்டால், அந்த ஆண்டு முதல் அவளுக்கும் முழு வரவு கேட்கலாம். 17 வயது நிறையும் ஆண்டில் அது நின்றுவிடும் என்பதால், இன்னும் மூன்று நான்கு ஆண்டுக் கால வாய்ப்பு இது.

2026 ஏப்ரல் 15-க்குள்: 2025 வரிக் கணக்கு

ராத் மாற்றத்தின்போது வரி எதுவும் பிடித்தம் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சுமார் 14,400 டாலர் கூட்டாட்சிக்கும், 3,800 டாலர் மாநிலத்துக்குமாக 2025 கணக்கில் வந்து நிற்கும். இதைக் கட்டுவதற்காக அந்த ராத் கணக்கிலேயே கைவைக்க வேண்டாம். மேலே சொன்ன 10 சதவீத அபராதம் அங்கே காத்திருக்கிறது. வீட்டுக்காகச் சேர்த்திருக்கும் முன்பணத்திலிருந்து எடுப்பது வலிக்கும் என்றாலும் அதுவே மலிவான வழி.

வரியைக் காலத்தில் கட்டாததற்கான அபராதம் வருமோ என்று பயப்படும்முன் ஒன்றைச் சரிபாருங்கள். 2025-இல் உங்கள் இருவர் சம்பளத்திலும் பிடித்த கூட்டாட்சி வரி, 2024-ஆம் ஆண்டு மொத்த வரியில் 110 சதவீதத்தை எட்டியிருந்தால், மீதி எவ்வளவு இருந்தாலும் அந்த அபராதம் கிடையாது. எட்டவில்லை என்றால் 2210 எண் படிவத்தில் கணக்கிட வேண்டும். ராத் மாற்றத்துக்கு 8606 எண் படிவத்தை இணைக்கத் தவறாதீர்கள். மனைவியின் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில் ஓவர்டைமின் அரை மடங்குப் பகுதி தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 2025-க்குக் கட்டாயம் இல்லாததால், மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் ஆண்டு முழுவதற்குமான சம்பளச் சீட்டுகளை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். 2025 கணக்கில் அதனால் கிடைப்பது 1,000 டாலர் கழிவு மட்டுமே. ஆனால் 2026 கணக்கில் முழு 6,000-க்கும் கழிவு கேட்கலாம்.